இணையத்தள நிருவாகப் பகுதியின் மந்தமும் செருகுநிரல்களும்

இணையத்தளம் ஒன்றுக்கு முகம் இரண்டு. ஒன்று, வருவோர் யாவரும் காணும் வெளிமுகம். மற்றையது, தளத்தைப் பேணுவோர் கடவுச்சொல் கொடுத்து உட்புகுந்து, கட்டுரை எழுதியும் படம் ஏற்றியும் பிழை திருத்தியும் தொழில் புரியும் உள்முகம். இவ்வுள்முகமே நிருவாகப் பகுதி எனப்படும். வெளிமுகம் கணப்பொழுதில் தோன்ற, உள்முகம் மட்டும் அசைந்தசைந்து நகரும் நிலை பல தளங்களிற் காணப்படுகின்றது. ஒரு தலைப்பை மாற்றிச் சேமிப்பதற்குப் பத்துச் செக்கனும் பதினைந்து செக்கனும் காத்திருக்க வேண்டியவர் முதலில் தம் வீட்டு இணைப்பை நோவர். பின்பு சேவையகத்தை வாடகைக்குக் கொடுத்தாரை நோவர். ஈற்றிற் கூடிய பணங் கொடுத்துப் பெரிய சேவையகம் ஒன்றுக்கு மாறுவர். மாறிய பின்னரும் மந்தம் மாறாதிருத்தல் கண்டு திகைப்பர். நோயின் முதல் அறியாது மருந்து மாற்றியதன் பயன் அது.

இம்மந்தத்தைச் சிறு தொல்லை என்று தள்ளிவிடுதல் பொருந்தாது. ஜேக்கப் நீல்சன் என்னும் அறிஞர் 1993 இல் வெளியிட்ட தம் நூலில், கணினியின் மறுமொழி பத்திலொரு செக்கனுள் வரின் அஃது உடனே வந்தது போலத் தோன்றும் என்றும், ஒரு செக்கன் வரை செய்வோனது எண்ணவோட்டம் அறாது என்றும், பத்துச் செக்கனைக் கடப்பின் மனம் வேறொன்றை நாடிவிடும் என்றும் வரையறுத்துக் காட்டினார். அப்பத்துச் செக்கன் எல்லையைக் கடந்த நிருவாகப் பகுதியில் வேலை செய்வோர் நாளடைவில் உட்புகுதலையே தவிர்ப்பர். தளத்திலுள்ள செய்தி பழசாகும். அதனினுங் கொடிது, பாதுகாப்புக்கான இற்றைப்படுத்தல்கள் பிற்போடப்படுதல். 2020 செப்டெம்பரில் ‘ஃபைல் மனேஜர்’ என்னும் செருகுநிரலில் ஒரு துளை கண்டுபிடிக்கப்பட்டது. அச்செருகுநிரல் அந்நாளில் ஏறத்தாழ 7 இலட்சம் தளங்களிற் பொருத்தப்பட்டிருந்தது. கடவுச்சொல் எதுவுமின்றியே தீய கோப்புகளை ஏற்றுதற்கு அத்துளை இடந்தந்தது. திருத்திய பதிப்பு விரைவில் வெளிவந்ததாயினும், தாக்குதல்கள் அதற்கு முன்னரே தொடங்கிவிட்டமையால், இற்றைப்படுத்தாது கழிந்த ஒவ்வொரு நாளும் ஆபத்தாயிற்று. நிருவாகப் பகுதிக்குட் போகவே சலிப்படைந்த ஒருவர் அத்தகைய வாரத்தில் என்ன செய்திருப்பார் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஈண்டு ஆராயப்படுவது வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளால் இயங்கும் தளங்களின் நிலை. பாடசாலைகள், சங்கங்கள், ஆலயங்கள், சிறு வணிகர் ஆகியோரின் தளங்களுட் பல அதனாலேயே ஆக்கப்படுகின்றன. பி2 என்னும் பழைய நிரலொன்றிலிருந்து மற் முல்லன்வெக், மைக் லிற்றில் என்னும் இருவர் அதனைக் கிளைக்கச் செய்து, 2003 மே 27 ஆம் நாள் முதற் பதிப்பை வெளியிட்டனர். மறு ஆண்டு மே மாதத்தில் வெளிவந்த 1.2 ஆம் பதிப்பிலேயே செருகுநிரல் என்னும் அமைப்பு வந்து சேர்ந்தது. மூல நிரலிற் கைவையாது, வெளியிலிருந்து ஒரு சிறு நிரலைக் கொணர்ந்து பொருத்திப் புதிய தொழிலொன்றைச் செய்வித்தலே செருகுநிரலின் நோக்கம். படிவம் வேண்டின் ஒன்று, படத்தொகுப்பு வேண்டின் ஒன்று, காப்புப் பிரதி எடுக்க ஒன்று, வருவோரை எண்ண ஒன்று. இன்று வேர்ட்பிரஸின் பொதுக் களஞ்சியத்தில் மட்டும் இலவசமாகக் கிடைப்பன 50,000 இற்கு மேற்பட்டவை. இரண்டு முறை அழுத்தினாற் போதும், பொருந்திவிடும். வேர்ட்பிரஸ் உலகெங்கும் பரவியதற்கும், அதன் நிருவாகப் பகுதிகள் பல மந்தமுற்றதற்கும் காரணம் இந்த எளிமை ஒன்றே.

செருகுநிரல் எவ்வாறு பொருந்துகின்றது என்பதை அறிந்தாலன்றி மந்தத்தின் தோற்றுவாய் விளங்காது. வேர்ட்பிரஸ் ஒரு பக்கத்தை ஆக்கும்போது குறித்த வரிசையிற் பல படிகளைக் கடந்து செல்கின்றது. ஒவ்வொரு படியிலும், ‘இவ்விடத்தில் யாதேனும் செய்ய விரும்புவார் உளரோ’ என்று வினவுவது போன்ற ஒரு கொளுவி வைக்கப்பட்டுள்ளது. செருகுநிரல் தான் விரும்பிய கொளுவியில் தன் செய்கையை மாட்டிவைக்கும். திருவிழாக் காலத்திற் சுவாமி வீதிவலம் வருதலை இதற்கு ஒப்பிடலாம். படலைதோறும் நிறைகுடம் வைத்துக் காத்திருப்பார் உளர். ஒவ்வொரு படலையிலும் சுவாமி தரித்து, அருச்சனை முடிந்த பின்னரே அப்பாற் செல்வார். நிறைகுடம் வைத்தவருள் எவர்மேலும் குற்றமில்லை. ஆயினும் சுவாமி இருப்பிடம் திரும்பும்போது சாமம் ஆகிவிடுகின்றது. இங்குக் கவனிக்கத் தக்கது ஒன்றுண்டு. தாமதம் படலைகளின் எண்ணிக்கையைப் பொறுத்ததன்று. ஒவ்வொன்றிலும் தரித்து நிற்கும் நேரத்தைப் பொறுத்தது. நாற்பது செருகுநிரல்கள் இருந்தும் விரைவாக இயங்குந் தளமும் உண்டு, ஐந்தே இருந்தும் முடங்கிய தளமும் உண்டு. ‘இருபதுக்கு மேல் வைத்தல் ஆகாது’ என்றாற்போல எண் கூறி வரையறை செய்வார் கூற்றுக்கு ஆதாரம் இல்லை.

அங்ஙனமாயின் வெளிமுகம் மட்டும் விரைவாகத் தோன்றுதல் எவ்வாறு என்னும் ஐயம் எழும். வெளிமுகத்தின் விரைவு பெரும்பாலும் பதுக்கு நினைவின் உபகாரம். ஒரு பக்கத்தை ஒருமுறை ஆக்கி முடித்ததும் அதன் முழு வடிவத்தையும் பிரதிசெய்து வைத்துக்கொண்டு, அடுத்து வருவோர்க்கெல்லாம் அப்பிரதியையே நீட்டுவது அதன் முறை. ஆயிரம் பேர் வந்தாலும் வேர்ட்பிரஸ் ஆயிரம் முறை உழைப்பதில்லை. நிருவாகப் பகுதிக்கு இவ்வழி அடைபட்டது. உள்ளே புகுந்தவர் ஒவ்வொருவருக்கும் அவரவர் அதிகாரத்துக்கேற்ற பக்கம், அந்நொடியின் உண்மை நிலையைக் காட்டும் பக்கம், புதிதாகவே ஆக்கப்படல் வேண்டும். ஆதலின் செருகுநிரல்களின் முழுப் பாரமும் திரையின்றித் தெரியும் இடம் நிருவாகப் பகுதியே. வெளிமுகம் விரைவாயிருத்தலைக் கண்டு தளம் நலமாயுள்ளது என்று கொள்ளுதல் தவறு. பதுக்கு நினைவுக்கு அகப்படாத கொள்வனவுப் பக்கமோ தேடற் பக்கமோ திறக்கப்படும்போது அதே மந்தம் வெளியாரையும் சென்று தாக்கும்.

செருகுநிரலொன்று நேரத்தைத் தின்னும் வழிகளுள் முதலாவது வெளிப்படையானது. பிஎச்பி என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்ட அதன் கோப்புகளை ஒவ்வொரு வேண்டுகோளின்போதும் சேவையகம் ஏற்றி இயக்கவேண்டும். இப்பாரம் பொதுவாகச் சிறிது. பிஎச்பி பழைய பதிப்பாயின் சிறிது கூடும். 2015 டிசெம்பரில் வந்த 7.0 ஆம் பதிப்பு, தனக்கு முந்திய 5.6 ஐ நோக்க ஏறத்தாழ இருமடங்கு விரைவுடையதாயிருந்தது. மிகப் பழைய பதிப்பில் இன்றும் தங்கியிருப்பார் வேறெதுவும் செய்யுமுன் அதனை மாற்றுதல் நன்று. எனினும் பத்துச் செக்கன் மந்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் இதுவன்று.

தரவுத்தளத்தின் வழியாக வரும் கேடு இதனினும் பெரிது. வேர்ட்பிரஸின் தரவுத்தளத்தில் விருப்பமைவுகள் அட்டவணை என்று ஒன்று உண்டு. தளத்தின் பெயர் முதலாகச் செருகுநிரல்களின் அமைப்புகள் ஈறாக அனைத்தும் அதனுள் எழுதப்படும். அவற்றுள் ‘தானே ஏற்றுக’ என்று குறிக்கப்பட்டவை யாவும், தேவைப்படினும் படாவிடினும், ஒவ்வொரு வேண்டுகோளின் தொடக்கத்திலும் ஒருங்கே நினைவகத்துக்கு ஏற்றப்படும். சிறு அமைப்புகளுக்கு இவ்வேற்பாடு மிக நல்லது. பல முறை வினவாது ஒரே வினவலில் எல்லாம் வந்துவிடுகின்றன. ஆனாற் பொறுப்பற்ற செருகுநிரல் தன் பதிவேடுகளையும் நாட்பட்ட குறிப்புகளையும் அவ்வாறே குறித்து வைத்துவிட்டால், அட்டவணை ஊதிப் பெருக்கும். 2024 யூலையில் வெளிவந்த 6.6 ஆம் பதிப்பு இக்கேட்டை உணர்ந்து இரண்டு காவல்களை வைத்தது. தானே ஏறுவனவற்றின் மொத்தம் 800,000 பைற்றுகளைக் கடப்பின் ‘தள நலம்’ என்னும் பக்கத்தில் எச்சரிக்கை தோன்றும். செருகுநிரல் வெளிப்படையாகக் கேளாதவிடத்து, 150,000 பைற்றுக்கு மேற்பட்ட தனி விருப்பமைவு தானே ஏறாது. இவை பயனுள்ளவையே எனினும், ஏலவே சேர்ந்த குப்பையை அவை அகற்றுவதில்லை.

தரவுத்தளத்தில் இன்னொரு வகைக் கேடும் உண்டு. நிருவாகப் பகுதியிற் கட்டுரைகளின் பட்டியலைத் திறந்தால் இயல்பாக இருபது வரிகள் தோன்றும். அப்பட்டியலில் ஒரு செருகுநிரல் தன் பங்குக்குப் புதிய நிரலொன்றைச் சேர்த்து, ஒவ்வொரு வரிக்கும் ஐந்து முறை தரவுத்தளத்தை வினவுமாயின், ஒரு பக்கத்துக்கு நூறு வினவல்கள் மிகையாகின்றன. பட்டியல் நீளத்தை நூறு வரியாக மாற்றினால் அவை ஐந்நூறாகும். சிலர் திரை விருப்பத் தேர்வுகளுட் புகுந்து அந்நிரலை மறைத்துவிட்டு, சிக்கல் தீர்ந்தது என்று கருதுவர். மறைத்த நிரலையும் வேர்ட்பிரஸ் ஆக்கியே அனுப்புகின்றது. கண்ணுக்குத் தெரியாதபடி மட்டும் செய்கின்றது. முகப்புப் பலகையிலுள்ள பெட்டிகளை மறைத்தலும் இத்தன்மையதே. பட்டியலின் நீளத்தைக் குறைத்தல் மட்டும் உண்மையாகப் பயன்றரும்.

வணிகத் தளங்களில் இக்கேடு எவ்வளவு ஆழமாகச் செல்லும் என்பதற்கு வூகொமர்ஸ் என்னும் செருகுநிரலின் வரலாறே சான்று. கட்டுரைகளுக்கென வகுத்த அட்டவணைகளிலேயே அது நெடுங்காலம் வாங்குவோரின் கட்டளைகளையும் எழுதிவந்தது. ஒரு கட்டளையின் பெயர், விலாசம், தொகை முதலியவை ஒவ்வொன்றும் தனித்தனி வரியாகப் பரந்து கிடந்தமையின், ஆயிரக்கணக்கிற் கட்டளைகள் சேர்ந்த கடைகளிற் பட்டியலைத் திறப்பதே பெரும்பாடாயிற்று. ஈற்றில் அதன் ஆக்கியோர் கட்டளைகளுக்கெனத் தனி அட்டவணைகளை வகுத்து, 2023 ஒக்ரோபரில் வந்த 8.2 ஆம் பதிப்பு முதலாகப் புதிய கடைகளுக்கு அதனையே இயல்பான முறையாக்கினர். பழைய கடைகளோ தாமே முன்வந்து மாறவேண்டியனவாயின.

மூன்றாவது வழியே மிக வஞ்சகமானது. சில செருகுநிரல்கள் நிருவாகப் பகுதி திறக்கப்படும்போது வெளியிலுள்ள பிறிதொரு சேவையகத்தை அழைக்கும். உரிமம் செல்லுமா என்று கேட்கவும், புதிய பதிப்பு உண்டா என்று அறியவும், விளம்பரச் செய்தி கொணரவும் இவ்வழைப்புகள் நிகழும். அழைக்கப்பட்டது மறுமொழி தராவிடின், வேர்ட்பிரஸ் இயல்பாக ஐந்து செக்கன் வரை காத்திருக்கும். அதுவரை பக்கத்தின் ஆக்கம் அப்படியே நிற்கும். பிஎச்பி ஒரு வேலையை முடித்த பின்னரே அடுத்ததைத் தொடங்குமாதலின், மூன்று செருகுநிரல்கள் மறுமொழி தராத மூன்று இடங்களை அழைப்பின் பதினைந்து செக்கன் வீணாகும். நன்கு எழுதப்பட்ட செருகுநிரல், வந்த மறுமொழியைச் சில மணிநேரம் சேமித்து வைக்கும். அழைப்புத் தோற்றதையும் அவ்வாறே குறித்துக்கொள்ளும். கவனமின்றி எழுதப்பட்டதோ வெற்றியை மட்டும் சேமித்துத் தோல்வியைச் சேமியாது விடும். ஆதலால் ஒவ்வொரு பக்கத்திலும் மீண்டும் மீண்டும் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். ‘நேற்று வரை நன்றாயிருந்தது, எவரும் எதனையும் மாற்றவில்லை, இன்று மந்தமாயிற்று’ என்னும் முறைப்பாட்டின் விளக்கம் பல வேளைகளில் இதுவே. தளத்தில் மாற்றம் நிகழவில்லை. எங்கோ தொலைவிலுள்ள ஒரு சேவையகம் வாய்மூடிவிட்டது. சேவையகத்தின் வேகத்தையோ நினைவகத்தையோ எத்துணை பெருக்கினும் இவ்வகை மந்தத்துக்கு மருந்தாகாது, காத்திருத்தலுக்கு வலிமை வேண்டுவதில்லை ஆதலின்.

இனி, நாடித்துடிப்பு என்னும் பொருள்பட ஹார்ட்பீற் எனப் பெயரிய ஏற்பாடு ஒன்று 2013 இல் வந்த 3.6 ஆம் பதிப்பு முதலாக உண்டு. நிருவாகப் பக்கம் திறந்திருக்கும்வரை மேலோடி சேவையகத்தை இடையிடையே தட்டி நலம் உசாவும். ஒரே கட்டுரையை இருவர் ஒருங்கே திருத்தாதபடி பூட்டுதல் முதலிய நற்பயன்கள் இதனால் விளைகின்றன. ஆனால் ஒவ்வொரு துடிப்பும் வேர்ட்பிரஸையும் செருகுநிரல்கள் அனைத்தையும் முழுமையாக எழுப்பும். பத்துப் பேர் ஒருங்கே கட்டுரை எழுதுகின்றனர் என்றும், 15 செக்கனுக்கு ஒரு துடிப்பு என்றும் கொள்க. நிமிடத்துக்கு 40 வேண்டுகோள்கள் ஆகின்றன. செருகுநிரல்களின் பாரத்தால் ஒவ்வொன்றும் 2 செக்கன் எடுப்பின், நிமிடந்தோறும் 80 செக்கன் உழைப்புச் செலவாகும். ஒருங்கே இரண்டு வேண்டுகோளை மட்டும் கவனிக்கத்தக்க சிறு சேவையகத்துக்கு ஒரு நிமிடத்தில் உள்ளது 120 செக்கன் உழைப்பே. அதில் மூன்றில் இரண்டு பங்கு எவரும் எதனையும் சேமியாமலே கரைந்துவிடுகின்றது. துடிப்பின் இடைவெளியை நீட்டுதல் எளிது. பலரும் அதனையே செய்வர். ஆயின் உண்மையிற் குறைக்க வேண்டியது அந்த 2 செக்கன் என்பதைக் கணக்கே காட்டுகின்றது.

நிற்க, காரணங்கள் இவையென அறிதல் ஒன்று, குறித்த ஒரு தளத்தில் அவற்றுள் எது நிகழ்கின்றது என அறிதல் வேறு. டொனால்ட் கனூத் என்னும் கணினியியற் பேராசிரியர் 1971 இல் போட்ரான் மொழியில் எழுதப்பட்ட நிரல்களை ஆராய்ந்து, ஒரு நிரலின் நூற்றுக்கு நான்கு பங்கிலுங் குறைந்த பகுதியே பொதுவாக அதன் ஓட்ட நேரத்தில் அரைவாசிக்கு மேற்பட்டதைக் கொள்ளுகின்றது என்று கண்டார். அச்சிறு பகுதி எதுவென ஊகித்து அறிதல் அரிது. அளந்தே அறிதல் வேண்டும். செருகுநிரல்களுக்கும் இது பொருந்தும். பெரிதாகத் தோன்றுவதன் மேற் பழி சுமத்தி அதனை நீக்குவார் பலர். உண்மைக் குற்றவாளி பெரும்பாலும் ஒரு மூலையிற் கிடக்கும் சிறு நிரலாயிருக்கும்.

அளத்தலின் முதற்படி, தாமதம் சேவையகத்திலா மேலோடியிலா என்று துணிதல். இதற்குச் சிறப்பான கருவி எதுவும் வேண்டாம். மேலோடியில் எஃப்12 விசையை அழுத்தி, வலையமைப்புப் பகுதியைத் திறந்து, நிருவாகப் பக்கத்தை மீள ஏற்றினால், முதற் பைற்று வரும்வரை காத்திருந்த நேரம் தனியே காட்டப்படும். அந்நேரம் நீண்டதாயின் குற்றம் சேவையகத்தின் பக்கத்தது. அது குறுகியிருந்தும் திரை உறைந்து நிற்குமாயின், மேலோடியில் இயங்கும் நிரல்களே காரணம். 2018 டிசெம்பரில் 5.0 ஆம் பதிப்போடு வந்த கட்டத் தொகுப்பியில், செருகுநிரல்கள் தத்தம் நிரல்களை மேலோடிக்கு அனுப்பிக் குவிப்பதால் இவ்விரண்டாம் வகையும் இப்பொழுது அருகித் தோன்றுவதன்று. ஒருமுறை அளந்ததைக் கொண்டு முடிவு செய்தல் ஆகாது. முதல் அளவீட்டைத் தள்ளி, பின்னர் ஐந்து முறை அளந்து, அவற்றின் இடையத்தைக் கொள்ளுதல் தகும்.

குற்றம் சேவையகத்தின் பக்கத்தது எனத் துணிந்தால், ‘குவெரி மொனிற்றர்’ என்னும் செருகுநிரல் துணைக்கு வரும். செருகுநிரலால் வந்த நோய்க்குச் செருகுநிரலே மருந்தோ என நகைப்பார் நகைக்கலாம். ஆயினும் இதற்கு ஒப்பான கருவி பிறிதொன்றைக் காட்டுதல் அரிது. ஒரு பக்கத்தை ஆக்க எத்தனை வினவல்கள் நிகழ்ந்தன, அவை எவ்வெச் செருகுநிரலால் எழுந்தன, எவ்வளவு நேரம் கொண்டன, வெளிச் சேவையகங்களுக்கு எத்தனை அழைப்புகள் சென்றன, அவற்றுள் எவை தோற்றன என்பனவெல்லாம் அதிற் பெயர் சுட்டிக் காட்டப்படும். மேற்கூறிய மூன்றாம் வகை வஞ்சகம் இதன்முன் ஒளிக்க மாட்டாது. அளந்து முடிந்ததும் இதனையும் நிறுத்திவிட வேண்டும், அளக்குங் கருவியும் சிறிது பாரமே ஆதலின்.

அளவீட்டால் விடை கிடையாதவிடத்துப் பிரித்தறிதல் என்னும் முறை கையாளப்படும். தொடங்குமுன் கோப்புகளுக்கும் தரவுத்தளத்துக்கும் காப்புப் பிரதி எடுத்தல் இன்றியமையாதது; தளத்தின் முழு நகல் ஒன்றை ஆக்கி அதிற் சோதித்தல் அதனினுஞ் சிறந்தது. நகலாக்க வசதியற்றோர்க்கு, வேர்ட்பிரஸ் சமூகத்தார் ஆக்கிய ‘ஹெல்த் செக்’ என்னும் செருகுநிரலில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. அதன் சோதனை நிலையிற் புகுந்தால், புகுந்தவருக்கு மட்டும் செருகுநிரல்கள் யாவும் நின்றனவாகத் தோன்றும். ஏனையோர் காணும் தளம் சிறிதும் மாறாது. பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளிலும் இதனை அச்சமின்றிச் செய்யலாம்.

எல்லாவற்றையும் நிறுத்தியதும் விரைவு மீளுமாயின் காரணம் செருகுநிரல்களுள் உள்ளது எனத் துணியலாம். மீளாவிடின் வேறிடத்தில் தேடவேண்டும். மீண்ட பின், ஒவ்வொன்றாக இயக்கிப் பார்த்தல் ஒரு வழி. பாதிப்பாதியாகப் பிரித்தல் அதனினும் விரைவான வழி. 32 செருகுநிரல்கள் உளவெனின் 16 ஐ மட்டும் இயக்குக. மந்தம் தோன்றின் குற்றவாளி அவற்றுள் உண்டு, தோன்றாவிடின் மற்றைப் பாதியில் உண்டு. அப்பாதியை எட்டாக, நாலாக, இரண்டாகக் குறைத்துச் சென்றால் ஐந்தே சோதனையில் ஒன்று எஞ்சும். ஒவ்வொன்றாகப் பார்ப்பவருக்கு 32 சோதனை வரை தேவைப்படலாம்.

இம்முறையில் இரண்டு பொறிகள் உள. ஒரு செருகுநிரல் மற்றொன்றைச் சார்ந்து இயங்குமாயின், தாய்நிரலை நிறுத்திச் சேய்நிரலை இயக்குதல் பொருளற்ற சோதனையாகும். 2024 ஏப்பிரலில் வந்த 6.5 ஆம் பதிப்பு முதல், சார்பு அறிவிக்கப்பட்டவிடத்து வேர்ட்பிரஸே அதனைத் தடுக்கின்றது. அறிவிக்கப்படாதவிடத்துச் சோதிப்பவரே கவனித்துக்கொள்ள வேண்டும். மற்றப் பொறி இதனினும் நுட்பமானது. இரு பாதிகளும் தனித்தனியே விரைவாயிருந்து, சேர்ந்தவிடத்து மட்டும் மந்தமுறுதல் உண்டு. அப்போது குற்றவாளி ஒன்றன்று. ஒரே வேலையைச் செய்யும் இரண்டு செருகுநிரல்கள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டிருக்கலாம். பாதுகாப்புக்கென இரண்டும், தேடுபொறிக்கென இரண்டும் வைத்திருப்பார் இந்நிலைக்கு ஆளாவர். அன்றிப் பல சிறு பாரங்கள் ஒருங்கு சேர்ந்து சேவையகத்தின் நினைவக எல்லையை முட்டியிருக்கலாம். இவ்விடத்திற் பாதியாக்கல் உதவாது. ஐயத்துக்குரிய இணைகளை எடுத்துச் சோதித்தலே வழி.

நிருவாகப் பகுதியே திறவாத அளவுக்கு நிலை முற்றியவர், சேவையகத்தின் கோப்புகளுட் சென்று செருகுநிரல்கள் உள்ள கோப்புறையின் பெயரை மாற்றிவிடலாம். வேர்ட்பிரஸ் அவற்றைக் காணாது, செருகுநிரற் பக்கம் திறக்கப்படும்போது யாவற்றையும் நிறுத்திவிடும். பின் பழைய பெயரைக் கொடுத்து வேண்டியவற்றை மட்டும் இயக்கலாம். இது வெளிமுகத்தையும் பாதிக்குமாதலின் ஈற்று முயற்சியாகவே கொள்ளத்தக்கது.

குற்றவாளி அகப்பட்ட பின் செய்யவேண்டுவது எப்போதும் நீக்கமன்று. வெளியழைப்பை நிறுத்தும் அமைப்பு அச்செருகுநிரலிலேயே இருக்கலாம்; வருவோரை எண்ணும் நிரலாயின், பழைய எண்ணிக்கைகளைக் குறித்த காலத்தின் பின் அழிக்கும்படி பணிக்கலாம்; காப்புப் பிரதி எடுக்கும் நேரத்தை நள்ளிரவுக்கு மாற்றலாம். ஆக்கியோர் கைவிட்ட செருகுநிரலாயின் மாற்று ஒன்றைத் தேடுதல் வேண்டும். மீள மீள எழும் ஒரே வினவல்களே காரணமாயின், ரெடிஸ் போன்ற நிலைத்த பதுக்கு நினைவு நற்பயன் தரும். தள நலப் பக்கம் 2022 நவம்பரில் வந்த 6.1 ஆம் பதிப்பு முதல் தேவையானவிடத்து இதனைப் பரிந்துரைக்கின்றது. தளத்தை விரைவுபடுத்துவதாகக் கூறி விற்கப்படும் செருகுநிரல்களைப் பற்றி ஒரு சொல். அவற்றுட் பெரும்பாலன வெளிமுகத்துக்கு உரியன. நிருவாகப் பகுதியின் மந்தத்துக்கு அவற்றை வாங்கிப் பொருத்துவார், பாரவண்டியின் மேல் மற்றொரு மூடையை ஏற்றுகின்றனர்.

நீக்கத் துணிந்தவிடத்து, நிறுத்துதல் வேறு நீக்குதல் வேறு என்பது மனங்கொள்ளத்தக்கது. நிறுத்திய செருகுநிரல் இயங்காதாயினும் அதன் கோப்புகள் சேவையகத்திற் கிடக்கும். முன்னர்க் கூறிய 2020 ஆம் ஆண்டுத் துளை, வெளியிலிருந்து நேரடியாக அழைக்கத்தக்க ஒரு கோப்பிலேயே இருந்தது. மேலும், விருப்பமைவுகள் அட்டவணையில் அது எழுதிவைத்தவை தானே ஏறும் குறியுடன் அப்படியே எஞ்சிநின்று ஒவ்வொரு பக்கத்துடனும் ஏறிக்கொண்டிருக்கும். முறையாக நீக்கினாலும், தன் எச்சங்களைத் துடைக்கும் பகுதியை ஆக்கியோர் எழுதியிருந்தாலன்றி அவை அழியா. ஆகவே நீக்கிய பின் தானே ஏறுவனவற்றைப் பருமன் வரிசையிற் பட்டியலிட்டு நோக்கி, நீங்கிய செருகுநிரலின் முன்னொட்டைத் தாங்கியவற்றைக் காப்புப் பிரதியின் துணையோடு களைதல் வேண்டும். பெயரின் ஒற்றுமையை மட்டும் நம்பி அழித்தல் ஆகாது, இயங்கிக்கொண்டிருக்கும் வேறொன்றும் அதே முன்னொட்டைக் கொண்டிருத்தல் கூடும் ஆதலின். களைந்த பின் அதே பக்கங்களை அதே முறையில் மறுபடி ஐந்து முறை அளந்து, பழைய இடையத்தோடு ஒப்புநோக்கிக் குறித்துவைத்தால், அடுத்த முறை மந்தம் தலைகாட்டும்போது தேடலைத் தொடங்குவதற்கு ஓர் அளவு கையிலிருக்கும்.